விளக்கு பாவம், வயரைப் பாரு

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவர் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்ப்பார். சுவிட்ச் போர்டில் கிளம்பி, ஒரு ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலண்டருக்குப் பின்னால் பதுங்கி, டியூப் லைட் வரைக்கும் போகிற வயரை, ஊருக்குள் புதிதாக வந்த ஆளின் நடையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நிற்பார்கள். அவர் வயரின் மறுமுனை வரை கண்ணால் போய்த் திரும்பி வந்த பிறகுதான் உட்காருவார். அப்புறம் சாயா. அதற்கும் அப்புறம்தான், "சொகமா இருக்கியளா?"

எங்கள் விளக்கு யூனிட்டில் எல்லோருக்கும் அவர் டெஸ்டக்கா, டெஸ்ட் செய்கிற அக்கா. ஐம்பதைத் தொட்ட வயது, நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கொண்டையில் செருகிய ஸ்க்ரூ டிரைவர். ஸ்க்ரூ டிரைவரைக் காணவில்லை என்று மேசையெல்லாம் தேடுவார், தேடும்போது கொண்டையைச் சொறிவார், கிடைத்துவிடும். ஏதோ ஒரு தூரத்துப் பட்டணத்தில் மின்சாதனங்களைச் சோதிக்கிற லேபில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஏன் திரும்பினீர்கள் என்று யாராவது கேட்டால், "அங்க சத்தம் கூடிப் போச்சு" என்பார். அவர் சொல்கிற சத்தம் பஸ் ஹாரன் அல்ல என்பது எங்களுக்குப் புரியவே பல மாதம் ஆயிற்று.

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவே, ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற ஒரு பழைய கட்டடத்தில் ஒன்பது பெண்கள் சேர்ந்து எல்.இ.டி. விளக்கு செய்துகொண்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கதை. விளக்கு எவ்வளவு வெள்ளையாக எரிந்தாலும் அதில் ரப்பர் புகையின் மணம் இருக்கும். அட்டைப்பெட்டியில் மூன்று மொழியில் வாசகம் எழுதுவது என் வேலை, சரக்கு ஏற்றிய ஆட்டோவை ஓட்டுவதும் நான்தான். 'இருளின் தோளைத் தொட்டெழுப்பும் பால்வெளிச்சம்' என்று ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். டெஸ்டக்கா கண்ணாடியை ஏற்றி வாசித்தார். "கொள்ளாம், நல்லா இருக்கு மக்கா. எத்தன வாட்டுன்னு எங்க இருக்கு?" என்றார்.

அவருடைய வேலை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது இல்லை. எரிகிற விளக்கு வேறென்ன செய்கிறது என்று பார்ப்பது. எல்.இ.டி. விளக்குக்குள் ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. மின்சாரத்தை ஒரு நொடிக்குள் ஆயிரமாயிரம் தடவை நறுக்கி நறுக்கித்தான் அது விளக்குக்கு ஊட்டும். நறுக்கும்போது தெறிக்கிற துணுக்குகள் காற்றில் கிளம்பிப் போகும். நம் காதுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஒரு ரேடியோ இருந்தால் அதற்குத் தெரியும், முறுக்கு கடிக்கிற மாதிரி கரகரக்கும். உடனே எல்லோரும் விளக்கைத் திட்டுவார்கள். டெஸ்டக்கா மட்டும் விளக்குக்கு வக்கீல்.

"விளக்கு பாவம் மக்கா. உள்ளங்கை அளவு சாதனம். அதுக்கு அவ்வளவு தூரம் எறிய கை காணாது. எறியுதது வயராக்கும். விளக்குல பிறந்ததை ஊருக்குள்ள கொண்டு நடக்குதது வயர். வயரைப் பாரு."

விளக்கோடு நின்றிருந்தால் சரி. மனிதர்களிடமும் அவர் வயரைத்தான் பார்த்தார். யூனிட்டில் வேலை செய்த சரோஜினியின் தங்கை மகளுக்கும் அவள் புருஷனுக்கும் அதியன்னூரில் ஓயாத சண்டை. சமாதானம் பேசப் போன இடத்தில் இரு வீட்டாரும் மாறி மாறி அவனைக் குற்றம் சொன்னார்கள், அவளைக் குற்றம் சொன்னார்கள். டெஸ்டக்கா ஒரு மூலையில் இருந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். கடைசியில், "இது ரெண்டும் பாவம். தினமும் எத்தன மணிக்கு சண்டை தொடங்கும்?" என்று கேட்டார். ராத்திரி எட்டரை. "எட்டரைக்கு ஆரு போன் விளிக்குதா?" துபாயிலிருந்து பையனின் அக்காள். "அந்த வயரை ஒரு மாசம் உருவி வையுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் கர்ப்பம் என்று செய்தி வந்தது. சரோஜினி அன்றிலிருந்து டெஸ்டக்காவின் கண்ணை நேராகப் பார்ப்பதில்லை, அவ்வளவு பக்தி.

ஒரு விளக்கு காற்றில் வீசுகிற இரைச்சலை முறைப்படி அளக்க வேண்டுமென்றால், சுற்றிலும் வேறு இரைச்சலே இல்லாத இடம் வேண்டும். அப்படி ஒரு இடத்தைத் தேடி ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். ஆட்டோவில் ஒரு பழைய டி.வி. ஆன்டெனா, ஒரு லேப்டாப், பாட்டரியில் எரியும் விளக்கு ஒன்று, அதைத் தூக்கி வைக்க ஒரு மர முக்காலி. களியக்காவிளைப் பக்கம் போனால் போனுக்கு எல்லைப் பைத்தியம் பிடித்துவிடும். இந்தப் பக்கம் சாய்ந்தால் தமிழ்நாடு வரவேற்கும், அந்தப் பக்கம் சாய்ந்தால் கேரளம் வரவேற்கும். ஒரு கோவிலில் மைக், எதிரே ஒரு பள்ளியில் மைக், நடுவே லாட்டரி வண்டியில் மைக். டெஸ்டக்கா லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். "போ. இன்னும் போ."

அதியன்னூர் தாண்டி ஒரு வாழைத்தோட்டம். காற்று இலையைக் கிழிக்கிற சத்தம் மட்டும். ஆன்டெனாவை நட்டு, நாலு எட்டு தள்ளி முக்காலியில் விளக்கை வைத்தோம். கால்மணி நேரத்தில் வரப்பில் ஒரு ஆள். அரைமணியில் ஏழு பேர். முக்கால் மணியில் பதினைந்து பேரும் ஒரு கொடியும் வந்துவிட்டார்கள். மொபைல் டவர் வைக்க இடம் பார்க்கிறார்கள் என்று செய்தி போயிருக்கிறது, டவருக்கு எதிரான ஆக்‌ஷன் கவுன்சில் வாழைக்கு இடையிலேயே உருவாகி, கன்வீனரும் தேர்வாகிவிட்டார்.

"இவிடெ டவர் வைக்கான் சம்மதிக்கில்லா," என்றார் கன்வீனர்.

"டவர் வைக்க வரல்ல சாரே. இங்க எவ்வளவு சத்தம் உண்டுன்னு பாக்க வந்தோம்."

"சத்தமோ? இவிடெ ஒரு சத்தமும் இல்லல்லோ."

டெஸ்டக்கா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையில் புல்வெளிபோலக் கோடுகள் துள்ளிக்கொண்டிருந்தன. "இது தமிழ்நாட்டு டவர். இது கேரளத்து டவர். ரெண்டும் உங்க பாக்கெட்டுல கிடந்து அடிபிடி கூடுது. பதினஞ்சு பேரும் போனை அணையுங்க, அரைமணிக்கூறுல வேலை முடிச்சு போயிருதோம்."

பதினைந்து பேரும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அணைக்கவில்லை. கன்வீனர் நியாயமான குரலில் சொன்னார். "போன் அணைச்சால் ஆக்‌ஷன் கவுன்சில் எங்ஙனெயா கூடுந்நது?"

திரும்பி வரும் வழியெல்லாம் டெஸ்டக்கா சிரிக்கவில்லை. பாறசாலை வந்ததும் தானாக ஒருமுறை சிரித்தார். "சத்தமில்லாத எடம்னு ஒண்ணு இனி கெட்டித்தான் உண்டாக்கணும் மக்கா."

கட்டி உண்டாக்கிய இடம் பட்டணத்து லேபில் இருந்தது. அதை அவர் சொல்லும்போது பெண்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவார்கள். நான்கு சுவரிலும் கூரையிலும் முள்ளம்பன்றியின் முள்போலக் கறுப்புக் கூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய அறை. உள்ளே போய்க் கதவை அடைத்தால் வெளி உலகத்தின் ஒரு துணுக்கு அலைகூட நுழையாது. உள்ளே பிறந்தது சுவரில் பட்டுத் திரும்பியும் வராது. "பேசினா நமக்க சொந்தக் குரல் நம்மள விட்டுட்டுப் போயிரும்" என்பார். ரோஸ்லெட் தோளைச் சிலிர்த்துக்கொள்வாள். ரோஸ்லெட் யூனிட்டின் மூத்த கை, பழைய மிஷன் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர், பொய் சொல்லாதவள், சொல்கிறவர்களை விடாதவள்.

"ஜெபம் பண்ணினா?"

"போன ஜெபம் திரும்பி வராது பிள்ளே."

"அது போற எடத்துக்குப் போயிருக்கும்," என்றாள் ரோஸ்லெட், கறாராக.

அந்த அறைக்கு நான்கு மாதம் வரிசை. நமக்கு முன்னால் டி.வி. உண்டு, கார் உண்டு, ஆஸ்பத்திரி மெஷின் உண்டு. புகைப்புரையில் பிறந்த விளக்குக்கு அங்கே யார் நாற்காலி போடுவார்கள்? ஆனால் இன்னொரு வழி உண்டு, முறைப்படி ஒத்துக்கொள்ளப்பட்ட மாற்று வழி. ஒரு சின்னப் பெட்டி. விளக்கின் வயரை அதற்குள் செருகி, காற்றில் எவ்வளவு போகிறது என்று அளப்பதற்குப் பதிலாக, வயரில் எவ்வளவு கிளம்பி வருகிறது என்று வாசலிலேயே பிடித்து அளப்பது. இந்த வழியைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் அவன் டெஸ்டக்காவின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க முடியும்.

"ஒரு வீட்டு ரகசியம் ஊருக்குள்ள எவ்வளவு போவுதுன்னு பாக்க ஊரெல்லாம் காதை வச்சுட்டு நடக்கணுமா? அந்த வீட்டு நடையில நின்னா போதாதா?" என்று அவர் விளக்கினார். ஒன்பது பெண்களுக்கும் ஒரே நொடியில் புரிந்தது. அவர்களில் நான்கு பேர் அந்த முறையை ஏற்கெனவே பயின்றவர்கள்.

"சின்ன வீடா இருக்கணும், அதாக்கும் சட்டம். பெரிய வீடுன்னா சுவர் வழியும் கேக்கும், அப்ப பெரிய அறைக்குத்தான் போவணும். நம்ம விளக்கு சின்னது. ஒரு வயர், ஒரு நடை."

லேபில் அந்தப் பெட்டி பளபளவென்று இருக்குமாம். இங்கே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அதன் ஏழைத் தங்கையை அவரே செய்துகொண்டார். யூனிட்டில் நாமே முதலில் பார்த்துக்கொள்ள அது போதும், சான்றிதழ்ப் பேப்பர் வேண்டுமென்றால் லேபின் பெட்டிக்குப் போக வேண்டும். டின்னும் விளக்கும் வைக்க அடியில் அகலமான உலோகத் தகடு ஒன்று தேவைப்பட்டது. ரோஸ்லெட்தான் கொண்டுவந்தாள். சபையில் வருடத்துக்கு ஒருமுறை ஊரையே உட்காரவைத்துச் சோறு போடுகிற அசன விருந்துக்குச் சாம்பார் காய்ச்சும் பாத்திரத்தின் அலுமினிய மூடி. வண்டிச் சக்கரம் அளவு. "அசனத்துக்கு முந்தி திருப்பித் தரணும். கர்த்தருக்க சாதனமாக்கும், சீத்த, அசுத்தம் ஒண்ணும் இது மேல வைக்கப்படாது" என்று நிபந்தனை போட்டாள். டெஸ்டக்கா ஒத்துக்கொண்டார்.

அப்போதுதான் பூவாரிலிருந்து லூர்தப்பன் வந்தார். இருபது வள்ளங்களுக்குப் பேச்சு சொல்லும் ஆள், உப்பில் ஊறிய குரல். நெய்யாறு கடலில் சேர்கிற பொழியில் மணல் திட்டு இன்று ஒரு இடம், நாளை ஒரு இடம். முன்னால் போகிற வள்ளம் பின்னால் வருகிற வள்ளத்துக்கு வயர்லெஸ்ஸில் வழி சொல்லும், அலை எந்தப் பக்கம் உடைகிறது என்று சொல்லும். சந்தையில் வாங்கிய விளக்கைப் போட்டால் அந்த நேரம் பார்த்து வயர்லெஸ் கரகரக்கிறது.

"எனிக்கு வெளிச்சம் வேணும், ஒச்சை வேண்டா," என்றார். "ஆத்யம் நாற்பது. சரியானால் இந்தக் கரை முழுக்க உங்க விளக்கு."

எங்களுக்கு அந்த நேரத்தில் வேறு ஆர்டர் எதுவும் இல்லை. கட்டடத்துக்காரர் மறுபடி ரப்பர் ஷீட் தொங்கவிடக் கயிறு வாங்கி வைத்திருந்தார். பூவார் வந்தால் ஒன்பது பேருக்கும் வேலை, வராவிட்டால் கயிறு.

டெஸ்டக்கா ஒரு வாரம் யாரோடும் பேசாமல் டின்னோடு பேசினார். பிறகு புளியங்கொட்டை அளவில் கறுப்பு மணிகள் ஒரு பொதி வந்தது. ஃபெர்ரைட் என்று ஒரு வகை இரும்புக் களிமண்ணைச் சுட்டுச் செய்தது. விளக்கின் கழுத்துக்குள், இரண்டு வயரும் சேர்ந்து அந்த மணியின் துளை வழியாக வெளியே வர வேண்டும். வெளியே கிளம்புகிற இரைச்சலை அது தின்றுவிடும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னார். மேசைகளில் இருந்த பெண்களிடம் சொன்னது ஒரே வரி. "ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கோத்து மூடுங்க."

இரண்டு மேசை. ஒன்றுக்குச் சரோஜினி, ஒன்றுக்கு ரோஸ்லெட். ஆளுக்கு இருபது விளக்கு. டின்னில் மூன்றைச் சோதித்தார், பாஸ். அந்த மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி, லேபின் பெட்டியில் செருகி, முத்திரை போட்ட பேப்பரோடு வந்தார். நாற்பதையும் பூவாரில் நான்தான் இறக்கினேன்.

ஐந்தாம் நாள் லூர்தப்பன் வந்தார். மீன் கூடையில் விளக்குகள், நாற்பதும்.

"பகுதி நல்லது, பகுதி பிசாசு. ஏது வள்ளத்தில் எப்போ கரகரக்கும்னு அறியாது. எனிக்கு ஒரு காரியம் சொல்லு. நீங்க இது எவிடெ டெஸ்ட் செய்தது?"

டெஸ்டக்கா பெட்டி முறையைச் சொன்னார். வீடு, நடை, ரகசியம் எல்லாம்.

"அப்போ அந்தப் பெரிய முள்ளு அறையில் வைச்சு நோக்கியில்லா?"

"நோக்க வேண்டிய காரியம் இல்ல. இது சின்ன விளக்கு."

"கடல் சின்னதல்லல்லோ," என்றார் லூர்தப்பன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேப்பரையும் அதன் மேல் வைத்தார். மீன் செதில் ஒன்று முத்திரையில் ஒட்டிக்கொண்டது.

அவர் போன பிறகு எவளோ ஒருத்தி மெதுவாக, "பெரிய ரூமுலதான் பாத்திருக்கணும் போல," என்றாள். டெஸ்டக்கா கேட்டும் கேட்காததுபோல மூடியைத் துடைத்தார். முதல் விளக்கை எடுத்து வைத்தார்.

நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாஸானவை இடப்பக்கம், தோற்றவை வலப்பக்கம். மத்தியானச் சாயா ஆறிக் கிடந்தது. முடிந்தபோது எண்ணிப் பார்த்தோம். இருபது, இருபது. அவர் முகத்தில் அதுவரை இருந்த கலக்கம் போய், துபாய் அக்காளைக் கண்டுபிடித்த அன்றைய களை வந்தது.

"தற்செயலா இவ்வளவு நியாயமா பங்கு வைக்காது மக்கா. இது ஆளுக்க வேலை."

கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவினார். தோற்ற விளக்கு ஒன்றின் கழுத்தைத் திறந்தார். வயர் இருந்தது, மணி இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

"வயர்தான்," என்றார் டெஸ்டக்கா, ஏதோ தன் மகன் பரீட்சை பாஸான மாதிரி. "விளக்கு பாவம். வயர்தான். எவளுக்க மேசை இது?"

ரோஸ்லெட் எழுந்து நின்றாள். பயப்படவில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுகிற மாதிரி எழுந்தாள்.

"எனக்கதாக்கும். நான்தான் கோக்கல்ல."

"என்னத்துக்குப் பிள்ளே?"

"கறுத்த மணி அக்கா. கண்ணேறுக்குக் கெட்டுத சாதனம். நான் நாற்பது வருசமா சபையில நின்னு அதை எதுத்துப் பேசுதவ. எனக்க கையால கோப்பேனா? அதும் சபைக்க மூடி மேல வச்சு?"

"கண்ணேறா? ஆரு சொன்னா?"

"ஆரு சொல்லணும்? இன்னா இவ," சரோஜினியைக் காட்டினாள், "ஒவ்வொரு மணியையும் கண்ணுல ஒத்திட்டில்லியா கோக்குதா. இவளுக்க பேரன் அரைஞாணுல ரெண்டு தொங்குது. நான் எனக்க கண்ணால பாத்தேன்."

எல்லோரும் சரோஜினியைப் பார்த்தோம். சரோஜினி முந்தானையைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் கெட்டினேன்," என்றாள். "அக்கா கொண்டு வந்த மணியாச்சேன்னு. கெட்டின பெறவு பயலுக்கு வயிறு எளகவே இல்ல."

"ரெண்டு," என்றாள் ரோஸ்லெட்.

"செரி, ரெண்டு."

"பயலை நாளைக்கு இங்க கொண்டு வா," என்றார் டெஸ்டக்கா. "மூடி மேல இருத்திப் பாப்போம். அவன் பாஸா இருந்தா அவனுக்கும் பேப்பர் தரலாம்."

சிரிப்பு அடங்கியதும் ரோஸ்லெட் தன் பையைத் திறந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். கிலுகிலுத்தது. இருபது மணியும் இருந்தன.

"இதை ஏன் வச்சிருந்தே? களைஞ்சிருக்கலாமே?"

"யூனிட்டுக்க முதலாக்கும். களைய எனக்கு என்ன அதிகாரம்?" ரோஸ்லெட்டின் குரல் இப்போதுதான் லேசாக உடைந்தது. "நான் கெடுத்தேனா அக்கா? ஒம்பது பேருக்க வேலையை நானா கெடுத்தேன்?"

ஒரு பெரிய வசவை எதிர்பார்த்து எல்லோரும் நின்றோம். டெஸ்டக்கா ரோஸ்லெட்டைப் பார்க்கவில்லை. தன்னுடைய நாற்காலியைப் பார்த்தார், அங்கிருந்து சரோஜினியின் மேசை எத்தனை எட்டு, ரோஸ்லெட்டின் மேசை எத்தனை எட்டு என்று பார்த்தார்.

"நீ பாவம். மூணு விளக்கு பாத்தேன் பாத்தியா, மூணும் கைக்கு எட்டின மேசையில இருந்து எடுத்தது. எழும்பி நாலு எட்டு நடக்க எனக்கு மடி, சோம்பல். பெறவு, கோருங்கன்னு சொன்னேன், எதுக்குன்னு சொன்னேனா? எனக்க வாயில இருந்து உங்க கைக்கு வந்த வயர் அறுந்து கிடந்திருக்கு."

அடுத்த நாள் காலை அவர் ஒரு பழைய ரேடியோவைக் கொண்டுவந்து மூடியின் பக்கத்தில் வைத்தார். அந்த நேரத்தில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் தமிழில் பிரசங்கம் ஓடும். ரோஸ்லெட்டை முன்னால் உட்காரவைத்து மணி இல்லாத விளக்கைப் போட்டார். "பிரியமானவர்களே, பிசாசானவன் எப்படி வருவான் என்றால்..." அதற்கு மேல் கரகரப்பு மட்டும். விளக்கை அணைத்து, மணி கோத்த விளக்கைப் போட்டார். "...ஆகவே விழித்திருங்கள்" என்று போதகர் அறைக்குள் நின்று பேசுவதுபோலக் கேட்டது. மறுபடி மணி இல்லாத விளக்கு. மறுபடி கரகரப்பு.

ரோஸ்லெட் கையை நீட்டி ரேடியோவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப பிரசங்கத்தைத் தடுத்தது நானா?"

"நீ இல்ல. வயர்."

ரோஸ்லெட் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபதையும் மத்தியானத்துக்குள் கோத்து மூடினாள். மணியைக் கண்ணில் ஒற்றவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உதடு மட்டும் அசைந்தது. சரோஜினி அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ரொம்பப் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். இந்த முறை டெஸ்டக்கா நாற்பதையும் டின்னில் வைத்துப் பார்த்தார். நாற்பதும் இடப்பக்கம் போயின.

பூவாருக்கு டெஸ்டக்கா பேப்பரை எடுத்து வரவில்லை. லூர்தப்பன் முன்னால் நடந்ததை நடந்தபடி சொன்னார். மணி விட்டுப் போனதை, தான் மூன்று மட்டும் பார்த்ததை. ரோஸ்லெட்டின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ரோஸ்லெட் ஆட்டோவின் பின்னால் இருந்து இறங்கி வந்து தானே சொல்லிவிட்டாள். லூர்தப்பன் தன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கிடந்த மாதா மெடலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

"பேப்பர் வேண்டா, பெட்டியும் வேண்டா," என்றார். "என்டெ வள்ளத்தில் கெட்டு. ஞான் பொழிக்கு அப்புறம் போய் அவிடென்னு பேசாம். ஒரு கரகர கேட்டால் பின்னெ இந்த வழிக்கு வரண்டா."

நடு மத்தியானம். ஊழித்தீ போன்ற வெயிலில் அவருடைய வள்ளத்தில் இரண்டு விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டு போனது. உல்லாசப் படகில் போன வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ திருவிழா என்று படம் பிடித்தார்கள். கரையில் மணலில் ஒன்பது பெண்கள், டெஸ்டக்கா, நான். டெஸ்டக்காவின் கையில் இன்னொரு வள்ளத்திலிருந்து வாங்கிய வயர்லெஸ். வள்ளம் பொழியைத் தாண்டி ஒரு நகக்கீறல் ஆயிற்று.

வயர்லெஸ் உயிர்பெற்றது. கரரரரர்.

ரோஸ்லெட் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கரகரப்புக்குள் எங்கோ அடியில் லூர்தப்பனின் குரல், "...கேட்டோ? ...இதல்லே ஞான் பறஞ்சது..."

ஒன்பது முகங்களும் டெஸ்டக்காவைத் திரும்பிப் பார்த்தன. அவர் வயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக் கண்ணை மூடி நின்றார். பிறகு பட்டனை அமுக்கினார்.

"விளக்கை அணையுங்க."

"அணைச்சு," என்றது கரகரப்பு. கரகரப்பு நிற்கவில்லை.

"இப்ப எஞ்சினை அணையுங்க."

"எஞ்சினோ? பொழியிலோ? தலைக்கு பிராந்து உண்டோ?"

"ரெண்டு நிமிசம். அணையுங்க."

சட்டென்று அப்படி ஒரு நிசப்தம். கடலே ஒருமுறை மூச்சை நிறுத்தியதுபோல. அதற்குள்ளிருந்து லூர்தப்பன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வள்ளத்தின் பலகையில் தண்ணீர் அறைவது கேட்டது.

"விளக்கைப் போடுங்க."

"இட்டு."

எந்த மாற்றமும் இல்லை. அதே தண்ணீர், அதே மூச்சு. "உங்க எஞ்சினுக்க பிளக் வயராக்கும் கரகரக்குதது," என்றார் டெஸ்டக்கா. "மேல உள்ள உறை கீறிக் கிடக்கும். விளக்குல ஒண்ணும் இல்ல."

எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுக்கிற சத்தம் வந்தது. எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தார், மறுபடி இருமியது. மூன்றாவது இழுப்பில் இருமலும் நின்றது. வள்ளம் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, பொழியைவிட்டு விலகித் தெற்கே ஒழுக ஆரம்பித்ததைக் கரையிலிருந்து பார்த்தோம்.

பிறகு லூர்தப்பன் பேசத் தொடங்கினார். எஞ்சினின் பிறப்பைப் பற்றி, அதைச் செய்தவனின் தாயைப் பற்றி, டெஸ்ட் என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையைப் பற்றி. அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த சொற்கள், ஒன்றுகூட உடையாமல், ஒரு எழுத்துகூட மழுங்காமல், பக்கத்தில் நின்று காதில் சொல்வதுபோல வந்து விழுந்தன. விளக்குகள் இரண்டும் எரிந்தபடியே இருந்தன. ரோஸ்லெட் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி பொத்திக்கொண்டாள்.

டெஸ்டக்கா எல்லோரையும் கை காட்டி அடக்கினார். முழுதும் கேட்டு முடித்துவிட்டுப் பட்டனை அமுக்கினார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு. இன்னொருக்கா சொல்லுங்க."

அந்தப் பக்கம் எஞ்சின் கயிற்றை இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பது கேட்டது.

"விளக்கு இவிடெ இரிக்கட்டெ," என்றார் லூர்தப்பன். "பாக்கி வள்ளத்திலும் கெட்டிக்கோ. அதினு முன்பு ஆராவது ஒரு கயிறு கொண்டு வா."